பழைய ரேங்ளரில் பிஏ-10/5 போய் ஏஎக்ஸ்-15 வரும்போது: எது நேராக ஏறும், எது முரண்டு பிடிக்கும்

1987-இல் வந்த ஜீப் ரேங்ளர் ஒய்ஜே வண்டிகளில், ஆறு சிலிண்டர் 4.2 லிட்டர் எஞ்சினுக்குப் பின்னால் பெஜோவின் பிஏ-10/5 என்ற ஐந்து கியர் பெட்டியை வைத்தார்கள். அதே காலத்து ஜீப் செரோக்கியிலும் கமான்ச்சியிலும் 4.0 லிட்டர் எஞ்சினோடு இதே பெட்டிதான். அந்த எஞ்சின்களின் இழுவைக்கும் மேடு பள்ள ஓட்டத்துக்கும் அது போதவில்லை. 1989-இன் நடுவில் ஜப்பானின் ஐசின் நிறுவனத் தயாரிப்பான ஏஎக்ஸ்-15 அந்த இடத்தைப் பிடித்து 1999 வரை நீடித்தது. அதனால் பிஏ-10/5 கெட்டுப்போனவர்கள் அதையே ரிப்பேர் செய்து பணத்தைக் கரைக்காமல் ஏஎக்ஸ்-15-க்கு மாறுவதுதான் வழக்கம். முடிவு சரி. ஆனால் "அப்படியே போல்ட் போட்டு ஏற்றிவிடலாம்" என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை.

பெட்டியை எஞ்சினோடு இணைத்துக் கிளட்சை மூடும் பெல் ஹவுசிங் எஞ்சினில் ஏறிவிடும், அதில் தகராறில்லை. தகராறு வருவது வேறு ஐந்து இடங்களில்: எஞ்சினின் கிராங்க் முனையில் உட்காரும் பைலட் பேரிங், கிளட்சை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) போகும் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்), பெட்டியைத் தாங்கும் அடி மவுண்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரின் இணைப்பு. இந்த ஐந்தையும் புதிய பெட்டியை ஏற்றும் முன்பே தரையில் வைத்து அளந்துவிட்டால் வேலை ஒரு வாரக் கடைசியில் முடியும். அளக்காவிட்டால் வண்டி ஸ்டாண்டில் நிற்கும், நீங்கள் பாகத்துக்கு அலைவீர்கள்.

வாங்குமுன் அடையாளம் பாருங்கள்

பிஏ-10/5-இன் அலுமினிய உடம்பு நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்து மூடியதுபோல இருக்கும். அந்தத் தையல்கோடு முன்னிருந்து பின்வரை ஓடும். ஏஎக்ஸ்-15 அப்படியல்ல. முன் பெட்டி, நடுவில் ஒரு தகடு, பின் அடாப்டர் என்று குறுக்கே அடுக்கியிருக்கும். பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும்.

ஏமாறும் இடம் வேறு. நாலு சிலிண்டர் வண்டிகளில் வந்த ஏஎக்ஸ்-5 பார்வைக்கு ஏஎக்ஸ்-15-இன் தம்பி போலவே இருக்கும். ஏஎக்ஸ்-15 என்று சொல்லி அதைத் தலையில் கட்டுவது சகஜம். பெயர்ச்சீட்டை நம்பாமல் இன்புட் ஷாஃப்டைப் பாருங்கள்: ஏஎக்ஸ்-15-இல் 1 1/8 அங்குல விட்டம், 10 ஸ்ப்ளைன். பின்னால் அவுட்புட் ஷாஃப்டில் 23 ஸ்ப்ளைன். ஒரு பல்லில் மார்க்கரால் கோடு போட்டு எண்ணுங்கள். 21 வந்தால் கையில் இருப்பது வேறு பெட்டி.

டூ வீல் டிரைவ் வண்டியில் இருந்து இறக்கியதை வாங்க வேண்டாம். பின் ஷாஃப்டும் பின் ஹவுசிங்கும் வேறு. உள்ளே பிரித்து மாற்றும் செலவில் இன்னொரு பெட்டியே வாங்கலாம். ரேங்ளர், செரோக்கி ஃபோர் வீல் டிரைவ் பெட்டிகள்தான் தொல்லை குறைந்தவை. டாட்ஜ் டகோட்டாவிலும் ஏஎக்ஸ்-15 வந்தது, ஆனால் அதன் பெல் ஹவுசிங் டாட்ஜ் எஞ்சினுக்கானது. விலை மலிவு என்பதற்காக மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முடிந்தால் பெட்டியோடு அதன் பெல் ஹவுசிங், கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க், அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், அடி மவுண்ட், லீவர், ரிவர்ஸ் லைட் சுவிட்சும் அதன் வயர் முனையும், டிரான்ஸ்ஃபர் கேஸ் என எல்லாவற்றையும் ஒரே வண்டியில் இருந்து மொத்தமாக வாங்குங்கள். தனித்தனியாகப் பொறுக்கும்போதுதான் வருடக் கணக்கு குழம்பும்.

பைலட் பேரிங்: முதல் அளவு இங்கே

இன்புட் ஷாஃப்டின் மூக்கு, கிராங்க் முனையில் பதித்த பைலட் பேரிங்குக்குள் நுழைந்து உட்கார வேண்டும். பழைய பெட்டியின் மூக்கும் புதியதன் மூக்கும் ஒரே தடிமன், ஒரே நீளம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. வெர்னியரை எடுத்து மூன்று அளவு எடுங்கள்: ஏஎக்ஸ்-15 மூக்கின் விட்டம், கிராங்க் குழியின் விட்டம், குழியின் ஆழம். முதல் அளவு பேரிங்கின் உள்விட்டத்தையும், இரண்டாவது அதன் வெளிவிட்டத்தையும் சொல்லும். கடையில் வண்டி வருடத்தைச் சொல்லிக் கேட்டால் பழைய பெட்டிக்கான பேரிங்கையே எடுத்துத் தருவார்கள். இந்த இரண்டு அளவைச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் வெண்கல புஷ் ஒன்று கடைந்து வாங்கலாம். வெளியே இறுக்கமாக அடித்து இறக்கும் அளவு, உள்ளே மூக்கு கையால் தடையின்றிச் சுற்றும் அளவு.

ஆழத்துக்கு இப்படி: பெட்டியில் பெல் ஹவுசிங்கை மாட்டி, எஞ்சினில் ஒட்டும் முகத்தின் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வையுங்கள். மூக்கின் முனை அந்தச் சட்டத்தைத் தாண்டுகிறதா, உள்ளே நிற்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று குறியுங்கள். எஞ்சின் பக்கம் பிளாக்கின் பின்முகத்தில் இருந்து பேரிங்கின் முகம் வரைக்கும், குழியின் அடி வரைக்கும் அதேபோல் அளவெடுங்கள். எஞ்சினுக்கும் பெல்லுக்கும் நடுவே வரும் தகரத் தகட்டின் தடிமனைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். மூக்கு பேரிங்கின் அகலத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருக்க வேண்டும், முனைக்கும் குழியின் அடிக்கும் இடையே சில மில்லிமீட்டராவது காலியாக இருக்க வேண்டும். கணக்கில் சந்தேகம் வந்தால் குழியின் அடியில் ஒரு உருண்டை மெழுகுக் களிமண் வைத்து ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். நசுங்கிய தடிமன் உண்மையைச் சொல்லிவிடும்.

பெட்டி ஏறும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடாமல் நின்றால், பத்தில் ஒன்பது முறை குற்றவாளி பைலட் பேரிங் அல்லது மையம் தப்பிய கிளட்ச் பிளேட்தான். அந்த இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடுவதுதான் இந்த வேலையிலேயே மிக விலையுயர்ந்த தப்பு. பெல்லின் காது உடையும். உடையாமல் மூடிவிட்டால் இன்னும் மோசம், இன்புட் பேரிங் அமுக்கத்தோடு ஓடிச் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிடும். போல்ட் என்பது பிடித்து வைக்கத்தான், இழுத்துச் சேர்க்க அல்ல.

கிளட்ச் ஹைட்ராலிக்ஸ்

பிஏ-10/5-இல் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஏஎக்ஸ்-15-இலும் 1993 வரை உள் ஸ்லேவ்தான். 1994-இல் இருந்து அதை வெளியே கொண்டுவந்து ஃபோர்க் வைத்தார்கள். உள் ஸ்லேவ் ஒழுகினால் ஐம்பது ரூபாய் சீலுக்காகக்கூட பெட்டி மொத்தத்தையும் இறக்க வேண்டும். எப்படியும் இறக்கப் போகிறீர்கள் என்பதால் வெளி ஸ்லேவுக்கு இப்போதே மாறிவிடுவது புத்திசாலித்தனம். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

மாற வேண்டுமானால் பெல் ஹவுசிங் மட்டும் போதாது. 1994 முதலான பெல், ரிலீஸ் பேரிங் (கிளட்சை அழுத்தி விடுவிப்பது) சறுக்குவதற்கான குழாய் உள்ள முன் பேரிங் ரிடெய்னர் (மூடி), ஃபோர்க், அது சாயும் உருண்டைத் திருகு, ரிலீஸ் பேரிங், வெளி ஸ்லேவ் எல்லாம் ஒரு செட். பலர் தவறவிடுவது ரிடெய்னரை. ஏற்றும்போதுதான் ரிலீஸ் பேரிங் ஓட இடமில்லை என்று தெரியும். ரிடெய்னரைக் கழற்றிய கையோடு அதன் உள் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள்.

குழாயின் முனையும் பார்க்க வேண்டும். பெடல் பக்கத்துப் பழைய மாஸ்டர் சிலிண்டரில் நட் போட்டு இறுக்கும் முனை. பிந்தைய வருடங்களில் சொருகி ஊசி (pin) அடித்துப் பூட்டும் முனை. இரண்டையும் சேர்க்க ஹோஸ் அடிக்கும் கடையில், பிரேக் ஆயில் தாங்கும் ஒரே ஹோஸாக இரு முனையையும் வைத்து அடித்து வாங்குவது சுத்தமான வழி. அடாப்டர் மேல் அடாப்டர் வைத்தால் காற்று தங்க இடம் கிடைக்கும். ஆயில் டாட்-3.

புது ஸ்லேவின் தள்ளுகோலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டையை வெட்ட வேண்டாம். முதல் முறை பெடலை மிதித்ததும் அதுவே அறுந்துகொள்ளும்.

கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் உங்கள் ஃப்ளைவீலுக்கும் ஏஎக்ஸ்-15-இன் ஸ்ப்ளைனுக்கும் ஒத்துப்போவதாக வாங்குங்கள். வாங்கிய பிளேட்டைப் பெட்டியின் ஷாஃப்டில் கையால் சறுக்கிப் பாருங்கள். தட்டாமல், தடுமாறாமல் போக வேண்டும்.

ஃப்ளைவீல் எஞ்சினோடுதான் இருக்க வேண்டும், பெட்டியோடு வரக் கூடாது. 4.2 கார்புரேட்டர் எஞ்சினில் இது பெரிதாகத் தெரியாது. 4.0-இல் கிராங்க் சென்சார் பெல் ஹவுசிங் வழியாக ஃப்ளைவீலின் வெட்டுகளைப் படிக்கிறது. 1991 முதலான எஞ்சினில் நான்கு நான்காக மூன்று கூட்டம் வெட்டுகள். அதற்கு முந்தையதின் அமைப்பு வேறு. மாறிப்போனால் பெட்டி கச்சிதமாக ஏறியிருக்கும், எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. 4.2-க்கு அந்தச் சென்சார் தேவையில்லை என்பதால் பெல்லில் உள்ள துளையை ஒரு தகரமும் சீலண்டும் வைத்து அடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் முதல் ஆற்றைக் கடக்கும்போதே சேறு கிளட்சுக்குள் போகும்.

இறக்குதல்

பேட்டரியைக் கழற்றுங்கள். நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்படி சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். அடியில் பெட்டியும் ஜாக்கியும் சேர்ந்து வெளியே வருமளவு உயரம் வேண்டும். கேபினுக்குள் கியர் லீவரை எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டும். எந்த முனை எந்தப் பக்கம் என்று பெயிண்ட்டால் கோடு போட்டால் திரும்ப மாட்டும்போது அதிர்வு வராது.

எஞ்சின் ஆயில் பேனுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்த பிறகே ஸ்கிட் பிளேட்டில் (அடிப்பக்கக் காப்புத் தகடு) கை வையுங்கள். ஒய்ஜேயில் அந்த ஸ்கிட் பிளேட்தான் கிராஸ் மெம்பர், அதாவது குறுக்குச் சட்டம். பெட்டியின் எடை முழுவதும் அதில்தான் நிற்கிறது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு போல்ட், சேஸிஸுக்குள் பதித்த மரையில் ஏறியிருக்கும். துருப்பிடித்த வண்டியில் அந்த மரை போல்ட்டோடு சேர்ந்து வெறுமனே சுற்ற ஆரம்பிக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இம்பாக்ட் துப்பாக்கியை இங்கே ஓய்வெடுக்க விடுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாக இறக்கிவிட்டு அப்புறம் பெட்டியை இறக்குவது சுலபம். பெல்லின் மேல் இரண்டு போல்ட்டுகளுக்குச் சாதாரண சாக்கெட் பிடிக்காது. வெளி நட்சத்திரத் தலை, ஈ-12 சாக்கெட் வேண்டும். எஞ்சினின் பின்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, பெட்டியின் முதுகுக்கு மேலாக ஏறக்குறைய மூன்றடி நீள எக்ஸ்டென்ஷனைப் பின்னிருந்து விட்டால் நேராகப் போய் உட்காரும். தாழ்த்தும்போது ரேடியேட்டர் ஃபேன் அதன் கூட்டில் இடிக்கிறதா, எந்த ஹோஸாவது விறைக்கிறதா என்று முன்னால் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். 4.0-இல் கிராங்க் சென்சாரை முதலிலேயே கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பெல் அதை நசுக்கும்.

21-உம் 23-உம்

பின்பக்கம்தான் பலருக்கு வேலை நிற்கும் இடம். பிஏ-10/5-ஓடு வந்த என்பி-231 டிரான்ஸ்ஃபர் கேஸின் இன்புட் கியர் 21 ஸ்ப்ளைன். ஏஎக்ஸ்-15-இன் ஷாஃப்ட் 23. ஆறு போல்ட் வட்டம் ஒத்துப்போகும், ஷாஃப்ட் உள்ளே போகாது.

இரண்டு வழி. ஒன்று, ஏஎக்ஸ்-15-ஓடு ஓடிய என்பி-231-ஐயே சேர்த்து வாங்குவது. அப்படிச் செய்தால் ஸ்பீடோமீட்டரைக் கவனியுங்கள்: உங்கள் வண்டிக்குக் கேபிள் வேண்டுமா, மின் சென்சார் வேண்டுமா என்று பார்த்து, உங்கள் பழைய கேஸின் ஸ்பீடோ கியரை அதன் ஹவுசிங்கோடு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஹவுசிங்கைப் பல் எண்ணிக்கைக்குத் தக்க கோணத்தில் திருப்பி வைக்க வேண்டும். தப்பான கோணத்தில் வைத்தால் பல்லைத் தின்றுவிடும்.

இரண்டாவது வழி, இருக்கும் கேஸில் 23 ஸ்ப்ளைன் இன்புட் கியரைப் போடுவது. முன் மூடியைக் கழற்றிச் சுண்டி இழுத்தால் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது பிளானட்டரி கியருக்குள் பூட்டப்பட்டிருப்பதால் கேஸை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். புது கியரைப் பழையதன் அருகே வைத்து மூன்றைச் சரிபாருங்கள்: பிளானட்டரியில் கடிக்கும் பல்லின் எண்ணிக்கையும் வெட்டும், பேரிங் உட்காரும் இடத்தின் அகலம், மூக்கின் நீளம். வருடத்துக்கு வருடம் இவை மாறியிருக்கின்றன. நீளம் கூடினால் பெட்டியின் பின் சீலில் முட்டும், குறைந்தால் ஷாஃப்ட் ஸ்ப்ளைனில் அரைகுறையாகப் பிடித்துப் பல் தேயும். பிரித்த சமயத்தில் செயினின் தொய்வையும் பாருங்கள். மூடும்போது சீலண்ட் மெல்லிய ஒரே கோடாக.

டிரான்ஸ்ஃபர் கேஸை ஏற்றும் முன் ஏஎக்ஸ்-15-இன் பின் சீலை மாற்றுங்கள். அது போனால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. பெட்டியின் எண்ணெய் மெல்ல டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஏறி, ஒரு பக்கம் வறண்டு மறுபக்கம் நிரம்பி வழியும்.

ஏற்றுதல்

பிளாக்கில் பெல்லை மையப்படுத்தும் இரண்டு டவல் முளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பழைய பெல்லோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். முளை இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பி மாட்டினால் மையம் தப்பி, பைலட் பேரிங்கும் இன்புட் பேரிங்கும் சீக்கிரம் போகும். வேறு வண்டியின் பெல் என்பதால் டயல் கேஜ் வைத்து அதன் நடுத்துளையின் ஓட்டத்தைப் பார்ப்பது நல்லது. மொத்த வித்தியாசம் 0.25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி.

கிளட்ச் பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். திருப்பிப் போட்டால் அதன் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும். பெடல் எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் விடாது. மையம் பிடிக்கும் டம்மி ஷாஃப்டை வைத்து, பிரஷர் பிளேட்டை எதிரெதிர் போல்ட்டாகச் சிறுகச் சிறுக இறுக்குங்கள். ஸ்ப்ளைனில் கிரீஸ் ஒரு பூச்சு போதும். அதிகமானால் சுழன்று பிளேட்டில் தெறிக்கும்.

பெட்டியை நான்காவது கியரில் போட்டு, ஜாக்கியில் ஏற்றி, எஞ்சினின் சாய்வுக்கே சாய்த்து நேர்கோட்டில் தள்ளுங்கள். பின் ஷாஃப்டைக் கையால் லேசாகத் திருப்பினால் ஸ்ப்ளைன் வழி கண்டுபிடிக்கும். பெல்லின் முகம் சுற்றிலும் ஒரே இடைவெளியில் நெருங்கி, கைத்தள்ளலிலேயே மூட வேண்டும். மூடிய பிறகு இறுக்கம்: 3/8 அங்குல போல்ட்டுக்கு 37 நியூட்டன் மீட்டர், 7/16-க்கு 58, 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 75.

ஸ்டார்ட்டர் மோட்டார் இந்த எஞ்சின்களில் பெல்லில்தான் ஏறுகிறது. மாட்டியதும் எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, ஃப்ளைவீல் எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகு சாவியைத் திருப்புங்கள். அரைக்கும் சத்தம் வந்தால் ஸ்டார்ட்டரின் பினியனும் ரிங் கியரும் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்கவில்லை.

மவுண்ட், லீவர், ஷாஃப்ட்

ஏஎக்ஸ்-15-க்கு அதன் சொந்த அடி மவுண்டைப் போடுங்கள். பிஏ-10/5-இன் மவுண்டை வெட்டி ஒட்டிப் பொருத்துவது நிற்காது. புது மவுண்டின் திருகுகள் பழைய ஸ்கிட் பிளேட்டின் துளையோடு சேராவிட்டால் துளையை நீளவாக்கில் விரியுங்கள். ஆனால் அதற்கு முன் பெட்டியை அதன் இயல்பான இடத்தில் ஜாக்கியில் நிறுத்தி, எஞ்சின் மவுண்டுகள் முறுக்கின்றி இருப்பதைப் பார்த்து, அங்கே குறி போட்டு வெட்டுங்கள். துளைக்காகப் பெட்டியை நெம்பி நகர்த்தினால் எஞ்சின் மவுண்ட் கிழியும்.

லீவரை மாட்டி, எல்லாக் கியரிலும் போட்டு, கேபின் துளையின் ஓரத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். துளையின் ஓரம் லீவரைத் தடுத்தால் கியர் முழுதாக விழாது. ஓட்டத்தில் தானாக வெளியே துள்ளும். பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டு திரும்ப இறக்கியவர்கள் உண்டு, காரணம் வெறும் தகரம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரின் இணைப்புத் தண்டும் அப்படியே. கேஸ் சிறிது நகர்ந்திருந்தாலும் 4-லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான நிலை) பாதிதான் விழும். கேஸின் பக்கத்து நெம்பைக் கையால் 4-லோவில் முழுதாகத் தள்ளிவிட்டு, லீவரையும் அதே நிலையில் வைத்து, தண்டின் திருகை அந்த நீளத்துக்கு அமைத்து இறுக்குங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் பெரும்பாலும் பழையதே போதும். பின் ஷாஃப்டின் சறுக்கு முனை எவ்வளவு உள்ளே போயிருந்தது என்று இறக்கும் முன் போட்ட குறியோடு ஒப்பிடுங்கள். வண்டியை உயர்த்தி அச்சு முழுதாகத் தொங்கும் நிலையிலும் ஸ்ப்ளைன் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். அமுங்கிய நிலையில் முட்டக் கூடாது. உயரம் கூட்டும் லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் இது கட்டாயம்.

ரிவர்ஸ் லைட் சுவிட்சின் முனை சேராது. ஏஎக்ஸ்-15 கழற்றிய வண்டியின் முனையை வெட்டி இணைத்துவிடுங்கள், இரண்டே வயர்.

எண்ணெய், சோதனை

ஏஎக்ஸ்-15-க்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-3 தரம், சுமார் 3.15 லிட்டர். ஜிஎல்-5 மட்டுமே என்று எழுதிய டிஃபரன்ஷியல் எண்ணெயை ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். பழைய எண்ணெயை வடிக்கும் முன் நிரப்பும் மூடி திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பிறகு அது அசையாவிட்டால் தவிப்புதான். வண்டி சமமாக நிற்கும்போது துளையின் விளிம்பில் எண்ணெய் நின்றால் அளவு சரி. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி எண்ணெய்), அதுவும் அதன் நிரப்பும் துளை மட்டத்துக்கு.

சக்கரங்கள் தூக்கிய நிலையிலேயே ஸ்டார்ட் செய்து கியர்களைப் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸில் மட்டும் கர்ரென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. முதலில் கிளட்ச் குழாயில் உள்ள காற்றை எடுங்கள், அப்புறமும் தீராவிட்டால் பைலட் பேரிங் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. கிளட்சை மிதித்தால் மட்டும் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங் அல்லது பைலட். விட்டால் நியூட்ரலில் வரும் சத்தம் இன்புட் பேரிங். 4-லோவில் ஏற்றத்தில் இழுத்துவிட்டு வந்து மவுண்ட், ஸ்கிட் பிளேட், புரொப்பல்லர் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ஓட்டத்தில் இரண்டு வித்தியாசம் தெரியும். பிஏ-10/5-இன் முதல் கியரின் விகிதம் 4.03, ஏஎக்ஸ்-15-இல் 3.83, பாறையில் ஊர்வது ஒரு பொடி வேகமாகும். ஐந்தாவது 0.72-இல் இருந்து 0.79 ஆவதால் நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 10 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். பெரிய டயர் போட்டவர்களுக்கு இது நல்லதே, 4.2 எஞ்சின் அந்தச் சுற்றில்தான் ஐந்தாவதை மூச்சு வாங்காமல் இழுக்கும்.

கழற்றிய 21 ஸ்ப்ளைன் இன்புட் கியரை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். ஏஎக்ஸ்-5 வைத்த நாலு சிலிண்டர் ஒய்ஜேக்காரர்களுக்கு அதே ஸ்ப்ளைன்தான் வேண்டும், நல்ல நிலையில் இருந்தால் கேட்டு வாங்கிப் போவார்கள்.